பேசும் எல்லையும் சட்டத்தின் எல்லையும்
ஆஃப்ரிகான்ஸ், கலீசியன்: ஓர் ஒப்பீடு



ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மொழியியல் படித்தவன் அல்ல. ஓய்வுக்குப் பின் நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதவும் படிக்கவும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அந்த வகுப்பில் நடந்த ஒரு சிறு சம்பவம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

'எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தினர்' என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "எங்க ஆச்சி திருநெல்வேலில இருந்து வந்தாவ. எனக்கு அல்வா கொண்டு வந்தாவ" என்று எழுதியிருந்தாள். வழக்கம்போல் சிவப்பு மையால் 'வந்தாவ' என்பதை இரண்டு இடத்திலும் அடித்துவிட்டு 'வந்தார்கள்' என்று மேலே எழுதினேன். நோட்டை வாங்கிச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "சார், அப்ப எங்க ஆச்சி பேசுறது தப்பா?" என்று கேட்டாள்.

"பேச்சு வேறு, எழுத்து வேறும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் எழுதுவதில் பிழை இல்லை. ஆனால் வகுப்பில் தமிழில் வாய் திறப்பதில்லை. எதைக் கேட்டாலும் இந்தியில் பதில் சொல்கிறாள். இரண்டு மாதமாக இது என் மனத்தில் முள்ளாக இருக்கிறது.

ஒரு மொழியில் இது சரி, இது தவறு என்று முடிவு செய்வது யார்? அரசா, புலவர் சபையா, பேசுகிற மக்களா? இதற்கு விடை தேடப் போய் இரண்டு தூரத்து மொழிகளின் வரலாற்றில் வந்து நின்றேன். ஒன்று ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்முனையில் பேசப்படும் ஆஃப்ரிகான்ஸ். மற்றொன்று ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் பேசப்படும் கலீசியன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்த இரண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும்?

இரண்டுக்கும் சில பொருத்தங்கள் உண்டு. இரண்டுக்கும் பக்கத்தில் பெரிய உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. ஆஃப்ரிகான்ஸுக்கு டச்சு, கலீசியனுக்குப் போர்ச்சுகீஸ். இரண்டும் தனி மொழி என்ற தகுதியில்லாத பேச்சு வழக்கு என்று நெடுங்காலம் இகழப்பட்டவை. ஆஃப்ரிகான்ஸைச் 'சமையலறை மொழி' என்றே படித்தவர்கள் அழைத்தார்கள். இரண்டுக்கும் மொழி அகாதெமி உண்டு. கலீசிய அகாதெமி 1906இலும் ஆஃப்ரிகான்ஸ் அகாதெமி 1909இலும் தோன்றின. இடைவெளி மூன்றே ஆண்டுகள்.

ஆனால் அதன்பின் இரண்டின் பாதையும் முற்றிலும் பிரிந்துவிட்டது. ஒன்றுக்கு அரசின் முழு பலமும் கிடைத்தது. மற்றொன்றை அரசு பல பத்தாண்டுகள் பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்தியது. இந்த இரண்டு நிலைகளிலும் மொழிக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் நமக்குப் பாடம்.

ஆஃப்ரிகான்ஸ் பிறந்த கதை

1652ஆம் ஆண்டு யான் ஃபான் ரீபெக் என்பவர் தலைமையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நன்னம்பிக்கை முனையில் ஒரு குடியிருப்பை அமைத்தது. கீழைநாடுகளுக்குப் போகும் கப்பல்களுக்குக் காய்கறியும் குடிநீரும் இறைச்சியும் ஏற்றுவதற்கான இடம் அது. நம் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்து வாணிகம் செய்தது இதே கம்பெனிதான்.

அந்தக் குடியிருப்பில் டச்சுக்காரர்கள் மட்டும் இருக்கவில்லை. மண்ணின் மக்களான கோய்கோய் இனத்தார் இருந்தனர். 1688 முதல் பிரான்சிலிருந்து ஓடிவந்த புராட்டஸ்டண்ட் குடும்பங்கள் சேர்ந்தன. இவர்களோடு, இன்றைய இந்தோனேசியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை, வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் இருந்தனர். இத்தனை வாய்களில் புழங்கித்தான் பதினேழாம் நூற்றாண்டு டச்சு புதிய வடிவம் பெற்றது.

வினைச்சொல்லில் தன்மை, முன்னிலை, படர்க்கை விகுதிகள் உதிர்ந்து போயின. 'நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், நாம் இருக்கிறோம்' என்பதற்கு ஆஃப்ரிகான்ஸில் 'எக் இஸ், யெய் இஸ், ஒன்ஸ் இஸ்' என்று ஒரே வினைதான். பெயர்ச்சொல்லுக்குப் பால் வேறுபாடு இல்லை. 'நிறைய' என்று பொருள்படும் சொல்லும், வாழைப்பழத்துக்கான சொல்லும் மலாய் மொழியிலிருந்து வந்தவை. நமக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு. ஆஃப்ரிகான்ஸில் கட்டிலுக்குக் 'காட்டெல்' என்று ஒரு சொல் இருக்கிறது. அது நம் கட்டில்தான். போர்ச்சுகீஸ் மாலுமிகளின் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது.

இன்னொரு செய்தி எனக்கு வியப்பாக இருந்தது. இந்த மொழியில் எழுதப்பட்ட முற்காலப் புத்தகங்களில் சில அரபு எழுத்தில் உள்ளன. கேப் டவுன் முஸ்லிம்கள் தங்கள் மதரசாக்களில் ஆஃப்ரிகான்ஸை அரபு எழுத்தில் எழுதிப் படித்தார்கள். துருக்கி சுல்தான் அனுப்பிய அபூபக்கர் எஃபெண்டி என்ற அறிஞர் அவர்களுக்காக எழுதிய சமய நூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. இன்றைக்கும் இந்த மொழியை வெள்ளையர் மொழி என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்கத்திலேயே அது அப்படி இல்லை என்பதற்கு இந்த நூல் ஒரு சான்று.

கலீசியனின் கதை

கலீசியாவில் கொருஞ்ஞா, லூகோ, ஒவ்ரென்சே, பொந்தேவேத்ரா என்று நான்கு மாவட்டங்கள். தலைநகர் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா, கிறித்தவ யாத்திரைத் தலம். மக்கள்தொகை சுமார் 27 லட்சம். மழையும் கடலும் மீன்பிடிப்பும் சிறு சிறு வயல்களும் கொண்ட நாடு.

இடைக்காலத்தில் கலீசியனும் போர்ச்சுகீஸும் ஒரே மொழி. ஐபீரியத் தீபகற்பத்தின் பல அரசவைகளில் பாட்டு என்றால் அந்த மொழியில்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் காஸ்தீல் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ, தம் ஆட்சி மொழி வேறாக இருந்தும், மரியன்னை மீதான பாடல்களை இந்த மொழியில்தான் இயற்றுவித்தார். போர்ச்சுகல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தனி அரசாயிற்று. அதனால் அதன் மொழி அரச மொழியாகிக் கடல் கடந்து பிரேசில் வரை போயிற்று. ஆற்றின் வடகரையில் காஸ்தீல் ஆட்சியில் நின்றுபோன கலீசியன் உழவர்களின் மொழியாக, மீனவர்களின் மொழியாகச் சுருங்கியது. பதினாறு முதல் பதினெட்டு வரையான நூற்றாண்டுகளை அவர்கள் 'இருண்ட நூற்றாண்டுகள்' என்றே அழைக்கிறார்கள். பேசுவோர் இருந்தனர், எழுதுவோர் அநேகமாக இல்லை.

1863இல் ரொசலியா தெ காஸ்த்ரோ என்ற பெண் கவிஞர் 'கந்தாரெஸ் கயேகோஸ்' என்ற கவிதை நூலைக் கலீசியனில் வெளியிட்டார். மொழி மறுமலர்ச்சி அங்கிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். 1963 முதல் ஒவ்வோர் ஆண்டும் மே 17ஆம் நாளைக் கலீசிய இலக்கிய நாளாகக் கொண்டாடி வருகிறார்கள்.

பேசும் எல்லை ஒன்று, சட்ட எல்லை வேறு

இப்போது இரண்டு மொழிகளும் எங்கே பேசப்படுகின்றன என்று பார்ப்போம்.

தென்னாப்பிரிக்காவின் 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆஃப்ரிகான்ஸ் பேசுவோர் 10.6 சதவீதம். ஜூலு, கோசா மொழிகளுக்கு அடுத்து மூன்றாவது இடம். ஆங்கிலம் அதற்கும் பின்னால்தான். நாட்டின் மேற்குப் பாதியே இதன் வீடு. வட கேப் மாகாணத்தில் பாதிக்கு மேற்பட்டோர் இதைத்தான் பேசுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் என்று நினைத்தால் தவறு. கலப்பினத்தார் என்று அங்கே பதிவு செய்யப்படும் மக்களே மிகப் பெரிய பிரிவினர்.

எல்லைக்கு அப்பால் நமீபியாவிலும் ஆஃப்ரிகான்ஸ் உண்டு. முதல் உலகப் போர்க் காலம் முதல் தென்னாப்பிரிக்காவின் ஆட்சியில் இருந்த நாடு அது. 1990இல் விடுதலை பெற்றதும் ஆங்கிலம் ஒன்றையே ஆட்சிமொழி ஆக்கிக்கொண்டது. ஆனாலும் வெவ்வேறு தாய்மொழி பேசுவோர் கடைவீதியில் சந்தித்தால் பல இடங்களில் ஆஃப்ரிகான்ஸில்தான் பேசிக்கொள்கிறார்கள். சட்டத்தில் இடம் போயிற்று, சந்தையில் இடம் போகவில்லை.

கலீசியனிலும் இப்படித்தான். கலீசியாவின் கிழக்கு எல்லையைத் தாண்டினால் அஸ்தூரியாஸின் மேற்குப் பகுதி, லெயோனின் பியெர்சோ, சமோராவின் ஓரத்துக் கிராமங்கள் ஆகிய இடங்களிலும் இதே பேச்சுதான். ஆனால் ஆட்சிமொழி என்ற தகுதி கலீசியாவின் எல்லைக் கல்லோடு நின்றுவிடுகிறது. அஸ்தூரியாஸில் அந்தப் பேச்சைக் கலீசியன் என்று சொல்வதா, வேறு பெயரில் அழைப்பதா என்பதே வாதம். அங்கே அதற்கு எழுத்து விதி வகுத்தது கலீசிய அகாதெமி அல்ல, அஸ்தூரிய மொழி அகாதெமி. ஆற்றுக்கு இக்கரையில் இருப்பவரும் அக்கரையில் இருப்பவரும் ஒன்று போலப் பேசுகிறார்கள், எழுதும்போது இரண்டு சபைகளின் விதிகள்.

ஆகவே, ஒரு மொழியின் வரைபடம் இரண்டு. மக்கள் வாயால் வரைவது ஒன்று, அரசு சட்டத்தால் வரைவது மற்றொன்று. இரண்டும் பொருந்தும் இடங்கள் குறைவு.

விதி வகுப்பவர் யார்?

ஆஃப்ரிகான்ஸுக்காக முதலில் எழுந்தவர்கள் கேப் டவுனுக்கு அருகில் உள்ள பார்ல் என்ற ஊரில் கூடிய சிலர். 1875இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டு 'பேட்ரியட்' என்ற பத்திரிகை தொடங்கினார்கள். இங்கிலாந்தோடு நடந்த போரில் 1902இல் போயர்கள் தோற்றபின் பள்ளிகளில் ஆங்கிலம் திணிக்கப்பட்டது. அதற்கு எதிர்ப்பாக மொழிப்பற்று பெருகிற்று. 1909இல் அகாதெமி. அதன் மொழிக் குழு 1917இல் சொற்பட்டியலும் எழுத்து விதிகளும் அடங்கிய நூலை வெளியிட்டது. அந்நூல் திருத்தித் திருத்தி வெளிவருகிறது. பதினோராம் பதிப்பு 2017இல் வந்தது. 1925இல் நாடாளுமன்றம் ஆஃப்ரிகான்ஸை ஆட்சிமொழியாக ஏற்றது. 1926இல் ஸ்டெல்லன்போஷில் பேரகராதிப் பணி தொடங்கியது. 1933இல் பைபிள் முழுவதும் மொழிபெயர்ந்து வந்தது. பார்ல் ஊரில் கூடிய நாளிலிருந்து கணக்கிட்டால் அறுபது ஆண்டுகூட ஆகவில்லை. உலகில் மிகச் சில மொழிகளே இவ்வளவு வேகமாக வளர்ந்திருக்கும்.

கலீசிய அகாதெமியின் பிறப்பு நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. அதற்கு வித்திட்டவர்கள் கலீசியாவில் இருந்தவர்கள் மட்டுமல்லர். பிழைப்புக்காகக் கப்பல் ஏறிக் கியூபாவின் ஹவானாவில் குடியேறியிருந்த கலீசியர்கள். அங்கே அச்சுத் தொழில் செய்துவந்த ஃபொந்தென்லா லெயால் என்பவர் முன்முயற்சி எடுக்க, 1905இல் அகாதெமியைத் தோற்றுவிக்கவும் ஆதரிக்கவும் ஒரு சங்கம் ஹவானாவில் அமைந்தது. அந்த ஆதரவில்தான் 1906 செப்டம்பரில் கொருஞ்ஞா நகரில் அகாதெமி தொடங்கியது. ரொசலியாவின் கணவர் மனுவேல் முர்கியா முதல் தலைவர். கலீசியாவின் நாட்டுப்பண் முதன்முதலாகப் பாடப்பட்டதும் ஊரில் அல்ல. 1907 டிசம்பர் 20 அன்று ஹவானா அரங்கில்தான் அது ஒலித்தது. ஊரை விட்டு வந்தவர்கள் ஊரின் மொழிக்கு ஒரு சபையும் ஒரு பாட்டும் கொடுத்தார்கள். சந்தா வசூலிக்க மாடிப்படி ஏறி இறங்கும் நம் சங்க நண்பர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

ஆனால் அரசு பலம் இல்லாத அகாதெமியால் என்ன செய்ய முடியும்? ஃபிராங்கோவின் ஆட்சி 1975 வரை நீடித்தது. பள்ளியிலும் அலுவலகத்திலும் ஸ்பானிஷ் மட்டுமே. நல்ல கலீசிய நூல்கள் பல, புலம்பெயர்ந்தோர் நிறைந்த போனஸ் ஐர்ஸ் நகரில் அச்சாயின. அனைவருக்கும் பொதுவான எழுத்து விதிகளை அகாதெமியும் கலீசிய மொழி நிறுவனமும் சேர்ந்து வெளியிட்டது 1982இல். அகாதெமி தொடங்கி 76 ஆண்டுகள் கழித்து! 1983இல் வந்த மொழிச் சட்டம், மொழி விதிகளில் அகாதெமியின் முடிவே முடிவு என்று ஏற்றது. 2003இல் விதிகள் திருத்தப்பட்டன. போர்ச்சுகீஸ் போலவே எழுதினால் உலகில் கோடிக்கணக்கானோர் படிப்பார்களே என்று வாதிடும் ஒரு பிரிவினர் இந்த விதிகளை இன்றும் ஏற்பதில்லை.

சட்டம் கொடுத்ததும் கொடுக்க முடியாததும்

இனிதான் கட்டுரையின் முக்கியப் பகுதி.

ஆஃப்ரிகான்ஸுக்கு அரசு எல்லாவற்றையும் கொடுத்தது. நிறவெறி ஆட்சி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1974இல், கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில் கணிதம் முதலிய பாடங்களை ஆஃப்ரிகான்ஸில்தான் நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. பிள்ளைகளுக்கு அந்த மொழி வீட்டு மொழியும் அல்ல, விரும்பிய மொழியும் அல்ல. ஆசிரியர்களில் பலருக்கே சரியாகத் தெரியாது. 1976 ஜூன் 16 அன்று சோவெட்டோவில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஊர்வலமாகத் திரண்டனர். காவல்துறை சுட்டது. பதின்மூன்று வயதுக்கு உள்ளான சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனும் இறந்தான். தொடர்ந்த மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அந்த நாள் இன்று அங்கே இளைஞர் நாள். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1975இல், பார்ல் ஊரில் மலைமேல் மொழிக்கு மாபெரும் நினைவுச் சின்னம் எழுப்பியிருந்தார்கள். கல்லில் நின்ற மொழி அடுத்த ஆண்டே தெருவில் வெறுப்புக்கு உள்ளானது.

1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு பதினோரு மொழிகளை ஆட்சிமொழிகள் ஆக்கியது. 2023இல் சைகை மொழியும் சேர்ந்து பன்னிரண்டு ஆயிற்று. ஆஃப்ரிகான்ஸ் இப்போது அவற்றில் ஒன்று. எல்லா மொழிகளின் வளர்ச்சிக்கும் ஒரு தேசிய மொழி வாரியம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் ஆஃப்ரிகான்ஸின் இடம் சுருங்கியது. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம் ஆங்கிலத்துக்கு முன்னுரிமை தந்ததை எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2019இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்கவில்லை. பள்ளியின் பயிற்றுமொழி பற்றிய இறுதி முடிவை யார் எடுப்பது என்பதில் 2024ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய வாதங்களை எழுப்பியது.

இதில் இன்னொரு காயமும் உண்டு. அகாதெமி தரப்படுத்திய மொழி பெரும்பாலும் வெள்ளையர் பேச்சை அடியொற்றியது. கேப் டவுன் உழைக்கும் மக்களின் வழக்குக்குக் 'காப்ஸ்' என்று பெயர். மொழி பிறந்த இடத்திலேயே, மொழியைப் பெற்றெடுத்தவர்களின் வழித்தோன்றல்கள் பேசுவது. அதைக் கொச்சை என்றும் வேடிக்கைப் பேச்சு என்றும் தள்ளி வைத்தார்கள். காப்ஸுக்கென்று ஓர் அகராதி தயாரிக்கும் திட்டம் 2021இல்தான் மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நூறு ஆண்டுகள் விதி நூல் இருந்தும், பாட்டியின் பேச்சு அதில் ஏறவில்லை.

கலீசியாவுக்கு வருவோம். 1978ஆம் ஆண்டு ஸ்பெயின் அரசியலமைப்பின்படி ஸ்பானிஷ் மொழியை அறிவது ஒவ்வொரு குடிமகனுக்கும் கடமை. கலீசியனையும் எல்லோரும் அறிவது கடமை என்று 1983ஆம் ஆண்டுக் கலீசியச் சட்டம் சொன்னது. 1986இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தக் கடமையை மட்டும் நீக்கிவிட்டது. பயன்படுத்தும் உரிமை நின்றது. 1985 முதல் கலீசியனில் தொலைக்காட்சி வந்தது. பள்ளியில் பாடமாயிற்று. 2010ஆம் ஆண்டு ஆணை பாடங்களை இரு மொழிகளுக்கும் பிரித்தபோது, கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவை ஸ்பானிஷ் பக்கம் போயின. 2023 செப்டம்பரில் மாட்ரிட் நாடாளுமன்றத்திலேயே கலீசியனில் பேசலாம் என்ற நிலை வந்தது.

இவ்வளவும் இருந்தும் நடந்தது என்ன? கலீசிய அரசின் புள்ளிவிவர நிறுவனம் 2023இல் எடுத்த கணக்கில், வழக்கமாகக் கலீசியனில் பேசுவோர் முதன்முறையாகப் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்டோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அதைப் பேசவே வராது, அல்லது கொஞ்சம்தான் வரும். எழுத்துவிதி இருக்கிறது, அகாதெமி இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது. பேச்சு மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

காரணத்தை வெளியே மட்டும் தேட முடியாது. நகரத்துக்குக் குடிவந்த பெற்றோர் தமக்குள் கலீசியனில் பேசிக்கொண்டே பிள்ளையிடம் ஸ்பானிஷில் பேசினார்கள். பிள்ளை முன்னுக்கு வர வேண்டுமே என்ற நல்லெண்ணம்தான். அதோடு ஒரு வெட்கமும் உண்டு. கலீசியாவின் மேற்கில் 'க'கரத்தை 'ஹ'கரம் போல ஒலிப்பார்கள். அது நாட்டுப்புறத்தான் பேச்சு என்று தலைமுறை தலைமுறையாகக் கேலிக்கு உள்ளானது. புதிய எழுத்து விதிகள் வந்தபின் வேறொரு வெட்கமும் சேர்ந்தது. பள்ளியில் கலீசியன் படித்து வந்த நகரத்து இளைஞர் தரமான மொழியில் பேசுகிறார். கிராமத்து முதியவரோ, "என்னுடையது நல்ல கலீசியன் இல்லை" என்று ஒதுங்குகிறார். வாழ்நாள் முழுவதும் வேறு மொழி அறியாதவர் அவர்!

இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் வகுப்பில் நான் செய்ததும் இதுவே அல்லவா?

என் சிவப்பு மை

பொது எழுத்து வழக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் திருநெல்வேலிக்காரர் எழுதியதைக் கோயமுத்தூர்க்காரர் படிக்கும்போது அங்கங்கே தடுக்கும். கலீசியனுக்கு 1982 வரை பொது விதி அமையாதது பெரிய குறைதான். 'வந்தார்கள்' நம் எல்லோருக்கும் பொதுவான முன்வாசல். ஆனால் 'வந்தாவ' அந்தக் குழந்தையின் வீட்டு அடுப்படி. முன்வாசல் வேண்டும் என்பதற்காக அடுப்படியை இடிக்கச் சொல்வார்களா?

ஊரில் வளரும் பிள்ளையின் பேச்சை ஆசிரியர் திருத்தினாலும், தெருவில் நூறு பேர் அதே பேச்சைப் பேசுவார்கள், காயம் ஆறிவிடும். இங்கே அந்தச் சிறுமிக்கு நெல்லைத் தமிழ் பேசும் உலகம் என்பது அம்மா, அப்பா, ஆச்சி என்று மூன்று பேர். அதில் ஒருவர் பேச்சை அடித்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இந்த ஊரில் தமிழுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு எதுவும் தேவைப்படவில்லை. அதைக் காப்பாற்றுவது, பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை ஒன்றுதான். அந்த நம்பிக்கையை நான் சிவப்பு மையால் அடித்தேன்.

ஒப்பீட்டின் சுருக்கம்

மாணவர்களுக்காக மூன்று வரிகளில் தருகிறேன்.

முதலாவது, ஆட்சி பலம் ஒரு மொழிக்குப் புத்தகமும் பதவியும் தரும். அதையே பிறர்மீது திணித்தால் வெறுப்பையும் தேடித் தரும். இது ஆஃப்ரிகான்ஸின் பாடம்.

இரண்டாவது, உரிமைச் சட்டம் தாமதமாகவாவது வரும். ஆனால் பெற்றோர் பிள்ளையிடம் பேசாத மொழியைச் சட்டம் பேச வைக்காது. இது கலீசியனின் பாடம்.

மூன்றாவது, விதி வகுக்கும் சபை எழுத்தைக் காக்கலாம். அந்த மொழியைப் பேசுகிறவர்கள் தம் பேச்சைப் பற்றி வெட்கப்படாமல் இருந்தால்தான் அந்த எழுத்துக்கு நாளைக்கு வாசகர் இருப்பார். இது இரண்டுக்கும் பொதுவான பாடம்.

வீட்டில் செய்து பார்க்க

ஒரு நோட்டில் இரண்டு பத்தி கட்டங்கள் போடுங்கள். இடப்பக்கம் உங்கள் வீட்டில், உங்கள் ஊர் வழக்கில் சொல்லும் சொல். வலப்பக்கம் அதற்கு ஏட்டில் எழுதும் சொல். வாரத்துக்கு ஐந்து போதும். பிள்ளையே எழுதட்டும். சந்தேகம் வந்தால் ஊருக்குத் தொலைபேசியில் பேசித் தாத்தா பாட்டியிடம் கேட்கட்டும். எந்தப் பத்தியையும் அடிக்க வேண்டாம். வகுப்பில் இப்போது நானும் இப்படித்தான் செய்கிறேன். சிவப்புப் பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலுக்கு மாறிவிட்டேன். சொல்லின்மேல் கோடு இழுக்காமல், பக்கத்தில் இன்னொன்றை எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறு அந்தச் சிறுமியிடம், "நான் அன்று செய்தது சரியில்லையம்மா. உன் ஆச்சி பேசுவது தப்பே இல்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். தலையை ஆட்டினாள், பேசவில்லை. பொங்கலுக்கு ஆச்சி மறுபடி வருகிறார்களாம். வகுப்புக்கு வந்து நெல்லைத் தமிழில் ஒரு கதை சொல்லும்படி அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "அத்தை வெட்கப்படுவாங்க சார், கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

வந்தால் கரும்பலகையில் அவர் சொல்லும் சொற்களை நானே எழுதுவேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் அன்று அழைத்து வாருங்கள்.